ஐந்து நட்சத்திரக் கொக்கி

மலைச்சிங்கத்துக்கு முழங்கால் வலி. இந்த உண்மை வாசகர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பேர் மலைப்பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார்கள்.

அந்த மலையேற்ற மாத இதழைப் பிரித்ததும் எல்லோரும் முதலில் தேடுவது 'சிங்கம் சோதித்தது' என்ற பக்கத்தைத்தான். மேலே ஓர் ஓவியம். காடு மாதிரி தாடி, பனி உறைந்த புருவம், தூரத்துச் சிகரத்தை முறைக்கும் கண்கள். கீழே கூடாரமோ, காலணியோ, மழைக்கோட்டோ, அந்த மாதம் சிங்கம் உயிரைப் பணயம் வைத்துச் சோதித்த ஏதாவது ஒரு பொருள். அதற்கும் கீழே நட்சத்திரங்கள்.

அந்தச் சிங்கம் இந்த நேரத்தில் மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, டயர்க் கடைக்கு மேலே இருக்கும் மூன்றாவது மாடிக்கு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவள் வாழ்க்கையில் ஏறிய ஒரே உயரம் அதுதான். அங்கேயும் இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொள்வாள்.

அவள் அங்கே பிழை திருத்த வந்தவள். பழைய எழுத்தாளர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு மாதம், "ஒரு பக்கம்தானேம்மா, நீங்களே எதையாவது எழுதிடுங்க" என்றார் ஆசிரியர். எழுதினாள். அவளுக்குள் இத்தனை பனிப்புயல்கள் இருந்தது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. ஓவியர் தாடி வரைந்தார். ஆசிரியர் பெயர் வைத்தார். வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அன்று முதல் அலுவலகமே அவளைச் சிங்கம் என்று கூப்பிட்டது.

சோதனைகள் வீட்டில் நடந்தன. மழைக்கோட்டுக்குக் குளியலறைக் குழாய். கையுறைக்கு ஃப்ரிட்ஜின் மேல் அறை. கூடாரத்துக்குக் கூடம், சூறாவளிக்கு மேசை விசிறி. பனிப்பாறைக் காலணியைக் கணவர் போட்டுக்கொண்டு தன் மருந்துக்கடைக்குப் போய்வந்தார்.

"இருமல் மருந்து கேட்டு வந்தவர் என் காலைப் பார்த்துட்டு, 'ஏன் சார், நாட்டை விட்டு ஓடப் போறீங்களா?'ன்னு கேக்குறார்" என்று அலுத்துக்கொண்டார்.

"நடக்க எப்படி இருந்துது, அதைச் சொல்லுங்க."

"வலது கால் கடிக்குது. இடது கால் பரவாயில்லை."

'வலது காலை மரணம் கவ்வியபோதும் இடது கால் என்னைக் கைவிடவில்லை' என்று சிங்கம் எழுதியது.

நட்சத்திரம் போடுவதில் மட்டும் அவளுக்கு வேலையில்லை. அதற்கு ஸ்கேல் சார் இருந்தார். விளம்பரப் பிரிவின் தலைவர். ஆசிரியர் அறையில் காற்றாடி, ஸ்கேல் சார் அறையில் ஏ.சி. இதிலிருந்தே யாருடைய பத்திரிகை என்று புரிந்துகொள்ளலாம். கையில் எப்போதும் ஓர் இரும்பு அளவுகோல். கம்பெனிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. விளம்பரம் எந்த இடத்தில் வருகிறதோ அதுதான் பெயர். "கால்பக்கம் போன் பண்ணினாரா?" "நடுப்பக்கத்துக்கு உடம்பு சரியில்லையாம்." "பின்னட்டை வந்திருக்கார், காபி சொல்லு." கால்பக்கத்துக்கு நான்கு நட்சத்திரம். முழுப்பக்கத்துக்கு நாலரை. பின்னட்டைக்கு ஐந்து. நான்குக்குக் கீழே ஒரு நட்சத்திரம் அந்தப் பத்திரிகையின் வானத்தில் முளைத்ததே இல்லை.

பக்கத்தை அச்சுக்கு அனுப்புவதும் அவர்தான். அளவுகோலை வைத்து நீளம் பார்ப்பார். கம்பெனி பெயர் வரும் இடங்களை எல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு எண்ணுவார். எண்ணிக்கை போதுமென்றால் ஒரு டிக். நடுவில் இருக்கும் எழுத்தை யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டியவள் பிழை திருத்துபவள். அவளே எழுதியவளாக இருக்கும்போது இன்னொருவர் எதற்குக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

ஒரு மதிய நேரம் பின்னட்டையிலிருந்து ஒரு பை நிறையக் கொக்கிகள் வந்தன. பாறை ஏறுகிறவரின் இடுப்புப் பட்டையையும் கயிற்றையும் இணைக்கிற, திறந்து மூடும் உலோகக் கொக்கி. ஏறுகிறவருக்கும் எமனுக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான். பக்கம் அன்று மாலையே அச்சுக்குப் போயாக வேண்டும். அவள் ஒரு கொக்கியை எடுத்துக் காதோரம் வைத்து இரண்டு தடவை திறந்து மூடினாள். 'டக்' என்று நல்ல சத்தம் வந்தது. 'அதலபாதாளத்தின் மேல் மூன்று மணி நேரம் தொங்கினேன். கீழே கழுகுகள் வட்டமிட்டன. மேலே இந்தக் கொக்கி, ஒரு தாயின் விரலைப் போல என்னைப் பிடித்திருந்தது' என்று எழுதி முடித்தாள். எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது. ஐந்து நட்சத்திரம்.

கொக்கிகள் வழக்கம்போல் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அவளுடைய மாமியார் ஏற்கெனவே பனிமலைத் தூக்கப்பையில்தான் தூங்குகிறவர், நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டுதான் ஊசியில் நூல் கோக்கிறவர். அவர் ஒரு கொக்கியை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்த் துணிக்கொடியின் முனையில் மாட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், துவைத்த கம்பளிப் போர்வையைக் கொடியில் போட்டார்.

'டக்.'

அதே சத்தம்தான். ஆனால் இந்தத் தடவை கொக்கி இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. ஒரு வார உடுப்பு மொத்தமும் அழுக்கில் புரண்டது.

"என்னடி இது, ஒரு போர்வையைத் தாங்க வக்கில்லாத இரும்பு!" என்று மாமியார் துண்டுகளைக் கொண்டுவந்து சமையல் மேடையில் போட்டார்.

அவள் அதைப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் கண்ணுக்குத் தெரிந்தது பால் இல்லை. தம்பியின் முகம்.

தம்பி! பெற்றவள் கண்மூடியபோது பல் முளைக்காத குழந்தை. இடுப்பிலேயே தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிப் பாடம் படித்தவள் அவள். கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "இவனும் என்கூட வருவான், சம்மதமா?" என்று முதல் கேள்வி கேட்டவள். அந்தத் தம்பி இப்போது நகரப் பேருந்தில் நடத்துநர். நகரத்தின் மறுகோடியில் தனி அறை. அந்த அறைச் சுவரில் ஒரே ஒரு படம். காடு மாதிரி தாடி, பனி உறைந்த புருவம்.

சிங்கத்தைப் படித்துப் படித்துத்தான் அவனுக்கு மலைப் பைத்தியம் பிடித்தது. ஆசிரியரிடம் செய்த சத்தியத்துக்காகவும், அதைவிட, அவன் கண்ணில் மின்னும் அந்த வெளிச்சத்துக்காகவும், அவள் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் கிடக்கும் மலைச் சாமான்கள் ஆபீஸில் மிஞ்சியவை என்றே சொல்லிவைத்திருந்தாள். நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு மலையேற்றக் குழு வைத்திருந்தான். அடுத்த மாதக் கடைசியில் நகருக்கு வெளியே இருக்கும் செங்குத்துப் பாறையில் ஏறப்போகிறார்கள். அன்றைக்கு மதியம் சாப்பிட வந்தவன், இடுப்பிலிருந்து எதையோ உருவி அக்காவின் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

"பார்த்தியாக்கா? பின்னட்டையில போட்டிருந்தானே, அதே கொக்கி! எங்க குழுவுல எல்லாருக்கும் மொத்தமா வாங்கிட்டோம்."

அவள் எழுந்து போய் உடைந்த துண்டுகளைக் கொண்டுவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது வேணாம்டா. போர்வை வெயிட்டுக்கே உடைஞ்சுபோச்சு."

"ஏதோ ஒண்ணு டிஃபெக்ட் பீஸா இருக்கும். சிங்கம் மூணு மணி நேரம் தொங்கியிருக்கார்க்கா! கீழ கழுகு சுத்துது! உன் போர்வை பெரிசா, சிங்கம் பெரிசா?"

"சிங்கம் தொங்கலைடா."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பிழை திருத்துறவங்களுக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதக்கா. உனக்கு மலையைப் பத்தி என்ன தெரியும்? மாடிப்படி ஏறவே நடுவுல உக்காருவ. அவர் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கார்."

அவளையே சாட்சி வைத்து அவளை மறுக்கிறான்! இப்படி ஒரு சோதனை எந்த அக்காவுக்கும் வரக்கூடாது. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் சாப்பாட்டில் மிகுந்த கவனமாக இருந்தார். மாமியாரைப் பார்த்தாள். அவர் நெற்றி விளக்கை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"நான்தாண்டா சிங்கம்" என்றாள்.

தம்பி புரையேறச் சிரித்தான். மாமியார் தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்தார்.

"மாமா, அக்காவுக்கு ஏதாவது மாத்திரை மாத்திக் குடுத்துட்டீங்களா?"

"அது உண்மைதான் மாப்பிள்ளை" என்றார் கணவர். "அந்தத் தாடியோட ஒரே வீட்டுல எத்தனை வருஷமா குடும்பம் நடத்துறேன்னு எனக்குத்தான் தெரியும்."

தம்பி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் சிரிக்கவில்லை.

"பனிக்கூடாரத்துல ஒரு சுமைதூக்கி வருவானே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? காத்து கம்மியாகி மூளை குழம்பி, தூக்கத்துல கையை நீட்டி, 'சில்லறை குடுங்க, சில்லறை குடுங்க'ன்னு ராத்திரி பூரா புலம்புவான். பாவம்க்கா. அதைப் படிச்சுட்டு எங்க குழுவுல ஒருத்தன் அழுதுட்டான். சிங்கம் தன் கம்பளியை எடுத்து அவனுக்குப் போத்தி விடுவார் பாரு…"

"மூணு வருஷம் முன்னாடி உனக்குக் காய்ச்சல் வந்து இங்க வந்து கிடந்தியே. கட்டில் இல்லைன்னு கூடத்துல போட்டிருந்த சோதனைக் கூடாரத்துக்குள்ளதான் உன்னைப் படுக்க வெச்சேன்."

அவன் கையில் இருந்த தண்ணீர் டம்ளர் அப்படியே நின்றது.

"ராத்திரி பூரா கையை நீட்டிச் சில்லறை கேட்டடா. மேசை விசிறியை நிறுத்திட்டு நான்தான் போத்தி விட்டேன்."

சிரிப்பு அவன் முகத்திலிருந்து மெல்ல வடிந்தது. கூடத்தைப் பார்த்தான். மேசை விசிறியைப் பார்த்தான். தூக்கப்பையைத் தோளில் போட்டபடி உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தான்.

"அப்ப… பனி மலையில சூடா சூப் குடுக்குற அந்தக் கிழவி?"

"நான்தான்" என்றார் மாமியார் பெருமையாக. "கிழவின்னு எழுதினது மட்டும்தான் எனக்குப் பிடிக்கலை."

தம்பி எழுந்தான். சாப்பாடு பாதியில் கிடந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான்.

"நான் மாட்ட மாட்டேன், போதுமா? ஆனா எங்க குழுவுல மத்தவங்களுக்கு அக்கா கிடையாதே. அவங்களுக்குச் சிங்கம்தான். நான் போய், 'சிங்கம் எங்கக்கா, தொங்கினது பொய்'ன்னு சொன்னா என்னைத்தான் கொக்கியில மாட்டுவாங்க."

கதவு சாத்திக்கொண்டது. அந்தச் சத்தம் அவள் நெஞ்சில் விழுந்தது. அவன் குழந்தையாக இருந்தபோது நிலவைக் கேட்டு அழுவான். நிலவைத்தான் தர முடியவில்லை, ஒரு சிங்கத்தையாவது தந்தோம் என்று நினைத்திருந்தாள். அதையும் இன்று அவளே பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள். உடைந்த கொக்கியை ஆசிரியரின் மேசையில் வைத்தாள். அவர் அந்த மாதத் தலையங்கம் எழுதிக்கொண்டிருந்தார். 'மலைகள் விற்பனைக்கல்ல' என்பது தலைப்பு. அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு மலை விடுதியின் விளம்பரம்.

"மலைக்குன்னு செஞ்ச கொக்கியை மொட்டைமாடியில ஏம்மா மாட்டினீங்க?" என்றார் அவர் வருத்தத்துடன்.

"சார், போர்வையைத் தாங்காதது மனுஷனைத் தாங்குமா?"

"மனுஷன் ஈரமா இருக்க மாட்டானே."

அதற்குள் ஸ்கேல் சார் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். கொக்கித் துண்டை எடுத்து, பழக்கதோஷத்தில் அளவுகோலை வைத்து அளந்தும் பார்த்தார்.

"சிங்கம், உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா ஒரு ஸ்டார் போட நம்மகிட்ட வசதியே இல்லைம்மா. டிசைன்லயே நாலு, நாலரை, அஞ்சுதான் இருக்கு. ஓவியர் வேற லீவு."

"அப்ப ஸ்டாரே போடாம ஒரு எச்சரிக்கை…"

"பின்னட்டை இன்னும் ஒரு வருஷத்துக்கு எழுதிக் குடுத்திருக்கார். அடுத்த மாசமும் அவருக்கேதான் உங்க பக்கம். அதே கொக்கி, வேற கலர்ல வருது. நீலம். நல்லா உருக்கமா எழுதுங்க. கம்பெனி பேர் போன தடவை கொஞ்சம் கம்மி. ஆறே வட்டம்தான் போட முடிஞ்சுது."

ஆசிரியர் தலையங்கத்துக்குத் திரும்பினார். ஸ்கேல் சார் ஏ.சி. அறைக்குத் திரும்பினார். அவள் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் கீழே யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த கொக்கியை எதிரே வைத்துக்கொண்டு, அழுதபடியே எழுத ஆரம்பித்தாள்.

சிங்கத்தைக் கொன்றாள்.

பெற்ற பிள்ளையைப் பலி கொடுப்பது போலத்தான் இருந்தது. அவள் வளர்த்த தாடி அல்லவா! 'இதை எழுதுவது சிங்கத்தின் துணைவன். பின்னட்டையில் நீங்கள் பார்க்கும் அதே கொக்கியை மாட்டிக்கொண்டு எங்கள் சிங்கம் கடைசியாகப் பாறையில் ஏறினார்' என்று தொடங்கினாள். அடுத்த வரியிலிருந்து கம்பெனியின் பெயரை வாய்க்கு வாய் சொன்னாள். அந்தக் கம்பெனியின் கொக்கி டக்கென்று உடைந்தது. அந்தக் கம்பெனியின் கொக்கி ஒரு போர்வையின் எடையைக்கூடத் தாங்காது என்பதைச் சிங்கம் விழும்போதுதான் உணர்ந்தார். 'தம்பிகளே, அந்தக் கம்பெனியின் கொக்கி யாரிடம் இருந்தாலும் கழற்றி எறியுங்கள்!' அந்தக் கடைசிக் குரல் பள்ளத்தாக்கில் அந்தக் கம்பெனியின் பெயரோடு சேர்ந்து எதிரொலித்தது. எதிரொலிக்காக ஆறு முறை எழுதினாள்.

மேலே தாடி ஓவியம். கீழே, விதிப்படி, ஐந்து நட்சத்திரம்.

ஸ்கேல் சார் பக்கத்தை வாங்கினார். நீளம் அளந்தார். சரி. நட்சத்திரம் எண்ணினார். சரி. சிவப்புப் பென்சிலை எடுத்து வட்டமிடத் தொடங்கியவர் பாதியிலேயே நிமிர்ந்தார். அவர் கண்கள் பனித்திருந்தன.

"சிங்கம்! இத்தனை தடவையா? என் சர்வீஸ்ல ஒரே பக்கத்துல இவ்வளவு வட்டம் போட்டதே இல்லைம்மா. அதுவும் கடைசியில வரிசையா ஆறு! பின்னட்டை அசந்துபோயிடுவார்."

ஒரு டிக் போட்டார். தன் காபியைக்கூட அவளிடம் நீட்டினார்.

பின்னட்டை அசந்துதான் போனார். இதழ் வெளிவந்த அன்று அவர் போனில் போட்ட சத்தம் டயர்க் கடை வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். விளம்பரத்தை நிறுத்தினார். கொக்கியைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிவந்தது அவருக்கு. ஆசிரியர் முதல் முறையாகத் தன் பத்திரிகையை உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்று சொல்லி அவளை வேலையிலிருந்து நீக்கினார். மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவளிடம் ஸ்கேல் சார் ஓடிவந்தார். கோபத்தால் இல்லை, ஆனந்தத்தால்.

"சிங்கம், நாலஞ்சு நாள் பொறுத்துப் போகக்கூடாதா? அனுதாப விளம்பரம் வந்து குவியுது! பின்னட்டையோட போட்டிக் கம்பெனிக்காரர் முழுப்பக்கம் கேக்குறார். 'சிங்கமே, எங்கள் கொக்கியை மாட்டியிருந்தால் இன்று எங்களோடு இருந்திருப்பாயே!' எப்படி? அழுகை வருதில்ல? நடுப்பக்கம் கறுப்பு பார்டர் கேக்குறார். உயிரோட இருந்தப்ப சிங்கம் இவ்வளவு சம்பாதிக்கலைம்மா!"

அவள் படியிறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மட்டும் சற்று நின்றாள்.

தம்பி அந்த ஞாயிறு முதல் வீட்டுப்பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. போனையும் எடுக்கவில்லை. குழுவில் இரங்கல் கூட்டம் நடக்கிறது என்பதே, மருந்து வாங்க வந்த ஒருவர் மூலமாகத்தான் கணவருக்குத் தெரிந்தது. "போயிட்டு வா" என்றார் அவர். "தன் சாவுக்குத் தானே துக்கம் கேக்கப் போற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?"

சைக்கிள் கடையின் பின்பக்கத்தில் ஒரு நீளமான அறை. சுவரில் கயிறுகளும் பைகளும் தொங்கின. முன்னால் ஒரு நாற்காலியில் தம்பியின் அறையிலிருந்த படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் முன்னே ஒரு வெறும் மேசை. அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். தம்பி அவளைப் பார்த்தான். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

ஒருவர் எழுந்தார். இடுப்பிலிருந்து கொக்கியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அடுத்தவர் எழுந்தார். அவரும் கழற்றி வைத்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து வைக்க வைக்க, மேசைமேல் கொக்கிகள் குவிந்தன. கொக்கிமேல் கொக்கி விழும்போது 'டக்' 'டக்' என்று சத்தம் வந்தது. ஒவ்வொரு சத்தமும் ஒரு வீட்டில் ஓர் அக்காவோ, அம்மாவோ, மனைவியோ நிம்மதியாகத் தூங்கப்போவதன் சத்தம். அவளால் தாங்க முடியவில்லை. தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

பக்கத்து நாற்காலி இளைஞன் அவள் பக்கம் சாய்ந்தான். "அழாதீங்கம்மா. அவர் சாகலை. நம்ம மனசுல இருக்கார்."

"ஆமாம்ப்பா" என்றாள் அவள். வேறு என்ன சொல்ல?

எல்லோரும் முடித்த பிறகு தம்பி எழுந்தான். தன் கொக்கியைக் குவியலின் உச்சியில் வைத்தான். படத்தின் முன் வெகுநேரம் நின்றான். அந்தத் தாடியை, அந்தப் புருவத்தை, சிகரத்தை முறைக்கும் அந்தக் கண்களைப் பார்த்தான். பிறகு அங்கிருந்தே திரும்பி, கடைசி வரிசையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தான். எல்லா நாற்காலிகளையும் தாண்டி வந்து அவள் எதிரே நின்றான். அவள் நிமிரவே இல்லை.

அவன் கையை நீட்டினான்.

"சில்லறை இருந்தா குடுக்கா" என்றான். "எனக்கு இன்னைக்கு லீவு. உன்கூட வீட்டுக்கு வர நம்ம பஸ்ஸுல நானும் டிக்கெட் எடுக்கணும்."